பொட்டோசி பயணம்: நாணயச்சாலை முதலில், சுரங்கம் கடைசியில்

பொலிவியாவின் பழைய வெள்ளிச் சுரங்க ஊரான பொட்டோசிக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாந்தா குருஸிலிருந்து ஒரே மூச்சில் பேருந்து பிடித்து, 4,000 மீட்டரைத் தாண்டிய ஊரில் விடியற்காலை இறங்கி, ஒன்பது மணிக்கே சுரங்கச் சுற்றுலாவில் சேர்ந்துவிட்டேன். சுரங்க வாசலை எட்டுவதற்கு முன்பே, சந்தையில் வைத்தே வாந்தி. மறுநாள் முழுக்கப் படுக்கை. அதற்கடுத்த நாள் திங்கட்கிழமை, ஒரு காலத்தில் வெள்ளிக் காசு அடித்த நாணயச்சாலை அருங்காட்சியகம் மூடல். ஊரைப் பார்க்காமலே ஊரைவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாம் முறை நண்பர்கள் நான்கு பேரோடு போனபோது வரிசையை மாற்றினோம். அதே விடுதியில் தங்கியிருந்த பலர் என் முதல் பயணத்தை அச்சு மாறாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

1. ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். பொலிவியா போவதற்கு மட்டுமல்ல, திரும்பி வருவதற்கும் அது வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா பொலிவியாவையும் வைத்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்திறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் விமான நிலையச் சுகாதார அலுவலர்களுக்கு உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதனால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது.

அடுத்தது மருத்துவர். இதயக் கோளாறு, ஆஸ்துமா, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கர்ப்பம் என்று எது இருந்தாலும் டிக்கெட் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். உயரத்தால் வரும் மலை நோய்க்கு அசிட்டாசோலமைடு என்ற மாத்திரையைத் தருவார்கள். அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, அதிலும் சல்பா மருந்து அலர்ஜி உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்று நீங்களும் வாங்கி விழுங்காதீர்கள்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். சில பாலிசிகள் 3,000 மீட்டரோடு நின்றுவிடும். டாலர் நோட்டு கொண்டுபோவதென்றால் கசங்காத, கிழியாத, எழுத்து இல்லாத நோட்டாக இருக்கட்டும். ஓரத்தில் நூலளவு கிழிசல் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். விசா விதிகளைத் தூதரகத்தில் கேளுங்கள், பழைய பயணக் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

2. கிழமை பார்த்துத் திட்டமிடுங்கள்

பெரும்பாலானோர் மாதத்தைத்தான் பார்க்கிறார்கள். மாதமும் முக்கியம்தான்: டிசம்பர் முதல் மார்ச் வரை மழை, ஜூன், ஜூலையில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. ஆகஸ்ட் கடைசியில் போனால் சூத்தில்யோஸ் திருவிழா கிடைக்கும். 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விழா என்பதால் அறைகளை முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

ஆனால் இந்த ஊரில் கிழமைதான் திட்டத்தைக் காப்பாற்றும், கெடுக்கவும் செய்யும். திங்கள் அருங்காட்சியகங்கள் மூடல். ஞாயிறு அரை நாள்தான். சுரங்கத்தில் வேலை நடப்பது திங்கள் முதல் சனி வரை, ஞாயிறு ஓய்வு. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வரிசை தானாக வந்துவிடுகிறது.

வியாழன் மதியம் போய்ச் சேருங்கள். வெள்ளிக்கிழமை, நாணயச்சாலை. சனி தேவாலயங்களும் ஏரிகளும். ஞாயிறு, விருப்பமிருந்தால் சுரங்கம். திங்கள் காலை கிளம்பிவிடுங்கள். மூடிய கதவுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஒரு நாளாவது உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். பொலிவியாவில் சாலை மறியல் சாதாரணம். ‘ப்ளோக்கேயோ’ என்பார்கள். லாரிகளைக் குறுக்கே நிறுத்திவிட்டால் மூன்று மணி நேரப் பயணம் ஒரு நாள் ஆகலாம், நடக்காமலும் போகலாம். திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் பொட்டோசியில் இருக்காதீர்கள்.

3. சுக்ரேவில் மூன்று இரவு

பொட்டோசிக்கு ஏறும் முன் சுக்ரே நகரில் தங்கும் இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் 60 சதவீதம்தான் 4,000 மீட்டரில் கிடைக்கும். உடம்பு அதற்குப் பழக நாள் ஆகும். உடல் வலு இருந்தால் போதும் என்ற எண்ணம் தவறு. எங்களில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்குத்தான் முதலில் தலைவலி வந்தது.

லா பாஸ் போகும் விமானங்கள் இறங்கும் எல் ஆல்ட்டோ நிலையம் 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நேராக அங்கே இறங்கினால் பொட்டோசியில் இறங்கிய மாதிரியேதான். அதைவிட சாந்தா குருஸில் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் சுக்ரே போவது மேல். சுக்ரே சுமார் 2,800 மீட்டர். முதல் நாள் லேசாக மூச்சு வாங்கும், மூன்றாம் நாள் சரியாகிவிடும்.

சுக்ரேவில் தங்குவது வீண் நாள் என்று நினைக்க வேண்டாம். பொட்டோசியின் குளிர் தாங்காமல் சுரங்க முதலாளிகள் பலர் வீடு கட்டி வாழ்ந்த ஊர் அதுதான். நீதிமன்றம், பேராயர் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். 1825இல் பொலிவியா விடுதலைப் பிரகடனம் கையெழுத்தான வீடும் மைய சதுக்கத்திலேயே இருக்கிறது. பணம் விளைந்த ஊரையும் பணக்காரர் வாழ்ந்த ஊரையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது பொட்டோசி சீக்கிரம் பிடிபடும்.

நாணயச்சாலை அந்த வாரம் திறந்திருக்கிறதா, நேரம் என்ன என்பதை சுக்ரேவில் இருக்கும்போதே போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். விடுதிக்காரர்கள் சலிக்காமல் செய்து தருவார்கள்.

4. மேலே ஏறுவது

சுக்ரேவிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். பங்கு டாக்ஸியில் இன்னும் சீக்கிரம். நான் பேருந்தைத்தான் சொல்வேன். டாக்ஸிக்காரர்கள் வளைவுகளில் ஓட்டும் வேகம் எனக்கு ஒத்துவரவில்லை. பகலில் போங்கள், சாலை பாதுகாப்பு ஒன்று, மலை மெல்ல மெல்ல மொட்டையாகிக்கொண்டே வருவதைப் பார்ப்பது இன்னொன்று.

காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். ஜாக்கெட்டைப் பேருந்தின் அடியில் போகும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள்; இறங்கியதும் காற்று எலும்பைத் தொடும்.

ஊரில் இரண்டு பேருந்து நிலையங்கள் இருக்கின்றன. சுக்ரே, லா பாஸ் பேருந்துகள் வருவது புது நிலையத்துக்கு. உயுனி உப்புப் பாலைக்குப் போகும் பேருந்துகள் கிளம்புவது பழைய நிலையத்திலிருந்து. இது தெரியாமல் மூட்டையோடு தவறான இடத்தில் நிற்கும் ஒருவரையாவது தினமும் பார்க்கலாம்.

5. முதல் மதியம் சும்மா இருங்கள்

அறையை மையத்தில் எடுங்கள், தரைத் தளத்தில் கேளுங்கள். மூன்றாம் மாடியில் அழகான காட்சி என்பார்கள். லிஃப்ட் இருக்காது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்தக் காட்சிக்கு நீங்கள் மூச்சால் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அறையில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் இன்னும் இரண்டு கம்பளி.

சாமானை வைத்துவிட்டு நவம்பர் 10 சதுக்கம் வரை மட்டும் நடந்து வாருங்கள். 1810இல் அந்தத் தேதியில்தான் இந்த ஊர் ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராக எழுந்தது. அங்கிருந்து தெற்கே பார்த்தால், வெள்ளி தோண்டிய மலையான செர்ரோ ரிக்கோ தெரியும். செம்மண் நிறத்தில், கூம்பாக, ஏறத்தாழ 4,800 மீட்டர். தெருவில் எங்கே திரும்பினாலும் அது எட்டிப் பார்க்கும்.

மதுவும் தூக்க மாத்திரையும் முதல் இரண்டு நாள் வேண்டாம், இரண்டும் மூச்சைக் குறைக்கும். கோகா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் தருவார்கள், குடிக்கலாம், இதமாக இருக்கும். அதையே மருந்தாக நம்பிவிடக் கூடாது.

தலைவலியும் பசியின்மையும் இங்கே சகஜம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள், கீழே இறங்குங்கள். மூன்று மணி நேரத்தில் 1,200 மீட்டருக்கு மேல் இறங்கிவிடலாம் என்பதும் சுக்ரே வழியாக வரச் சொல்வதற்கு ஒரு காரணம்.

6. நாணயச்சாலை: இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்

‘காசா தே லா மொனேதா’ ஒரு முழுத் தெருச் சதுரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் கட்டடம். வெளியிலிருந்து கோட்டை மாதிரி இருக்கும். சுவர்கள் ஒரு மீட்டருக்கு மேல் தடிமன். 1773இல் கட்டி முடித்தார்கள்.

வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். சுற்று முடிய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆங்கிலச் சுற்று எத்தனை மணிக்கு என்று முதல் நாள் மாலையே கேட்டு வையுங்கள். தவறவிட்டால் ஸ்பானிஷ் குழுவோடு நின்று தலையாட்ட வேண்டியதுதான். படம் எடுக்கத் தனிக் கட்டணம். உள்ளே குளிர் வெளியைவிட அதிகம், வெயில் அடிக்கிறதே என்று ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இதை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? மலையில் என்ன நடந்தது என்பதை மலைக்குள் போய்த் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே இருட்டும் தூசும்தான். 1545இல் வெள்ளி கண்டுபிடித்ததும் இந்த இடத்தில் கூட்டம் குவிந்தது. 1570களில் ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தே தொலேதோ ‘மித்தா’ என்ற கட்டாய வேலை முறையைக் கொண்டுவந்தார். சுற்றியுள்ள மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒரு பங்கினர் முறைவைத்து இங்கே வர வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர். 1812இல்தான் ஸ்பெயினின் காடிஸ் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியதாகச் சொல்வார்கள். இன்றும் ஸ்பானிஷில் மிகுந்த மதிப்புள்ள ஒன்றை ‘ஒரு பொட்டோசி பெறும்’ என்பார்கள்.

உள்ளே நான்கு இடங்களில் மெதுவாகப் போங்கள். குழு நகர்ந்தாலும் கொஞ்சம் பின்தங்குங்கள்.

முதலாவது, பழைய காசுகள். சுத்தியலால் அடித்த, ஓரம் ஒழுங்கில்லாத ‘மக்குக்கீனா’ காசுகள். வட்டமாக இல்லாததால் ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவது சுலபம். கலப்படமும் நடந்தது, 1640களில் வெளிப்பட்ட பெரிய மோசடியில் ரோச்சா என்ற செல்வந்தருக்கு மரண தண்டனை விதித்தார்கள். இந்தக் காசுகளைப் பார்த்த பிறகு இவ்வளவு பெரிய கட்டடமும் எந்திரமும் எதற்கு என்ற கேள்வி எழாது. காசில் பொ, ட, ச, இ ஆகியவற்றுக்கான லத்தீன் எழுத்துகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொறித்த முத்திரை இருக்கும், தேடிப் பாருங்கள். டாலர் குறியின் பிறப்பே அதுதான் என்று வழிகாட்டி சொல்வார். அப்படியொரு வாதம் உண்டு, முடிவான பேச்சு இல்லை.

இரண்டாவது, மரத்தாலான உருட்டு எந்திரங்கள். மேல்தளத்தில் பற்சக்கரங்கள் வெள்ளிக் கட்டியைத் தகடாக நசுக்கும். கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் செக்கு சுற்றுவதுபோல் சுற்றி அவற்றை இயக்கின. இரண்டு தளத்தையும் பார்த்தால்தான் புரியும். மேலே மட்டும் பார்த்துவிட்டு நகரும் குழுவோடு போய்விடாதீர்கள், கீழே கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். உருக்கு அறையில் ஆப்பிரிக்க அடிமைகள் வேலை செய்தார்கள், கூரை இன்னும் கரி படிந்து கிடக்கிறது.

மூன்றாவது, மலைக் கன்னி ஓவியம். பதினெட்டாம் நூற்றாண்டு, வரைந்தவர் பெயர் தெரியாது. மேரி மாதாவின் உடலே செர்ரோ ரிக்கோ. மலைச் சரிவு அவள் பாவாடை, அதில் சின்னச் சின்னதாகச் சுரங்கக்காரர்கள், லாமாக்கள். இருபுறமும் சூரியன், சந்திரன். கீழே போப்பாண்டவரும் ஐந்தாம் சார்லஸ் பேரரசரும். ஐரோப்பியருக்கு அது மாதா, உள்ளூர்க்காரருக்கு அதே படத்தில் பூமித்தாய். நான் இந்தப் படத்தின் முன்னால் நின்ற நேரம்தான் பயணத்தில் எனக்குப் பிடித்த நேரம்.

நான்காவது, முற்றத்து வளைவில் தொங்கும் சிரிக்கும் முகமூடி. 1856இல் மாட்டியது. யாரைக் கேலி செய்கிறது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். கேட்டு ரசியுங்கள், நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு கதையைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும். மலைக்குள் எண்பது லட்சம் பேர் செத்தார்கள் என்று பல வழிகாட்டிகள் சொல்வார்கள். அந்த எண்ணுக்கு ஆவண ஆதாரம் இல்லை என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. பாதரச விஷத்தாலும் தூசியாலும் சரிவுகளாலும் செத்தவர்கள் ஏராளம். அந்த உண்மைக்கு ஊதிய எண் தேவையில்லை.

இங்கே அடித்த வெள்ளி உலகம் சுற்றியது. ஐரோப்பியக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையில் துணி வாங்கக் கொண்டுவந்த வெள்ளியில் பெரும்பகுதி அமெரிக்கக் கண்டத்துச் சுரங்க வெள்ளிதான். பொலிவியாவோ இன்று தன் சில்லறைக் காசை வெளிநாட்டில் அடித்து வாங்கிக்கொள்கிறது.

7. தேவாலயங்கள்: மூன்று போதும்

ஊரில் தேவாலயங்கள் நிறைய. எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் பாதியில் மூச்சு நின்றுவிடும், எல்லாம் ஒன்றாகவும் தெரியும். மூன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

சான் லொரென்சோவின் முகப்பு காலை வெயிலுக்கு முன்பா பின்பா என்று யோசிக்க வேண்டாம், சந்தைக்குப் பக்கத்தில் இருப்பதால் போகிற வழியில் இரண்டு முறை பாருங்கள். கல்லில் சூரியன், சந்திரன், நட்சத்திரம், கம்பி வாத்தியம் வாசிக்கும் கடற்கன்னிகள். பதினெட்டாம் நூற்றாண்டின் உள்ளூர்ச் சிற்பிகள் ஐரோப்பிய வாசலில் தங்கள் வானத்தைச் செதுக்கி வைத்துவிட்டார்கள்.

சாந்தா தெரெசா மடம் 1685இல் தொடங்கியது. பணக்காரக் குடும்பத்துப் பெண்கள் பெரும் சீதனத்தோடு உள்ளே போய், பிறகு வெளியே வராமலே வாழ்ந்த இடம். பெற்றோர் வந்தாலும் கம்பித் தடுப்புக்கு அப்பாலிருந்து குரல் மட்டும்தான். இங்கேயும் வழிகாட்டியோடுதான் போக வேண்டும், நேரம் பிடிக்கும். மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிடுவார்கள். பன்னிரண்டு முதல் இரண்டரை வரை ஊரே அப்படித்தான். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சான் பிரான்சிஸ்கோ 1547இல் தொடங்கிய மடம். இங்கே கூரைமேல் நடக்க விடுவார்கள். படிகள் குறுகல், மெதுவாக ஏறுங்கள். மேலே நின்றால் ஓட்டுக் கூரைகள், மணிக்கூண்டுகள், பின்னால் மலை, எல்லாம் ஒரே பார்வையில். இதை மாலைக்கு வையுங்கள், மலையின் சிவப்பு அப்போதுதான் எழும்.

8. ஏரிகளும் ஆலைகளும்

இதை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இது வருத்தம். வெள்ளி, பாறையிலிருந்து தானாக வருவதில்லை. பாறையைப் பொடியாக இடிக்க வேண்டும், பெருவின் வாங்காவெலிக்கா சுரங்கத்திலிருந்து வந்த பாதரசத்தோடு பிசைய வேண்டும். இடிக்கும் எந்திரத்துக்குத் தண்ணீர் வேண்டும். மழை மூன்று நான்கு மாதம் மட்டும் பெய்யும் ஊரில் ஆண்டு முழுக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? 1570களிலிருந்து காரி காரி மலைகளில் அணை கட்டி ஏரிகளாகத் தேக்கினார்கள். அங்கிருந்து ஒரு கால்வாய் நகரத்தின் நடுவே ஓட, இருகரையிலும் ஆலைகள்.

1626 மார்ச் 15 அன்று சான் இல்தெபோன்சோ அணை உடைந்து ஆலைகளையும் குடியிருப்புகளையும் அடித்துக்கொண்டு போனது.

ஏரிகளுக்கு டாக்ஸி பேசிப் போய்த் திரும்புங்கள். நகரத்தைவிட இன்னும் உயரம் என்பதால் மூன்றாம் நாளுக்கு முன் வேண்டாம். நடைப்பயணம் என்றால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள், மேகம் இறங்கினால் பாதை தெரியாது. நகருக்குள் சான் மார்கோஸ் ஆலையில் பழைய நீர்ச்சக்கரத்தைப் பார்க்கலாம்.

9. சுரங்கத்துக்குள் போவதா என்று முடிவெடுங்கள்

இதை மூன்றாம் நாள் இரவு முடிவெடுங்கள், முதல் நாள் வேண்டாம். பேருந்தை விட்டு இறங்கியதுமே சுரங்கச் சுற்றுலாவை விற்க ஆள் வருவார். அப்போது உங்களுக்கு உடம்பும் தெரியாது, இடமும் தெரியாது.

செர்ரோ ரிக்கோ இன்றும் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் மலை. 1985இல் தகர விலை சரிந்தபின் அரசு நிறுவனம் ஆட்களை வெளியேற்றியது. அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரும்பி வந்து துத்தநாகம், வெள்ளி, ஈயம் தோண்டுகிறார்கள். கூட்டுறவு உறுப்பினருக்கு மாதச் சம்பளம் கிடையாது. தோண்டியது விற்றால் பணம். சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்றுவிடும். நடுவயதிலேயே மூச்சிரைத்து நிற்பவர்களை ஊரில் பார்க்கலாம். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு தோண்டிய மலை உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. 2011இல் உச்சியில் பள்ளம் விழுந்தது. 1987இல் உலக மரபுச் சின்னமான ஊரை யுனெஸ்கோ 2014இல் ஆபத்துப் பட்டியலில் வைத்தது.

ஆக, உள்ளே ஆபத்து உண்மையானது: சரிவு, விஷ வாயு, தூசி, தண்டவாளத்தில் வேகமாக வரும் தள்ளுவண்டி. கூடவே இன்னொரு கேள்வியும் உண்டு. கஷ்டப்பட்டு உழைக்கிற மனிதர்களைக் காசு கொடுத்துப் பார்ப்பது சரியா? அங்கே வேலை செய்தவர்களிலேயே, சுற்றுலாதான் எனக்குச் சோறு போடுகிறது என்பவர்களும் உண்டு, எரிச்சல்படுபவர்களும் உண்டு. எங்கள் ஐந்து பேரில் மூவர் போனோம், இருவர் போகவில்லை. போகாத இருவரும் எதையும் இழந்ததாகச் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் போகாதீர்கள். மூச்சுத் தொல்லை, இதய நோய், அடைத்த இடங்களில் பயம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், போகக் கூடாது. குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

10. போவதென்றால்

ஞாயிறு போங்கள். வண்டிகள் ஓடாது, வெடி வைக்க மாட்டார்கள், யாருடைய வேலைக்கும் குறுக்கே நிற்க மாட்டீர்கள். வேலை நடப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: ஒரு டன் பாறையோடு வரும் வண்டிக்கு பிரேக் கிடையாது.

பதிவு செய்யும் முன் நேரில் போய்க் கேளுங்கள். வழிகாட்டி முன்னாள் சுரங்கத் தொழிலாளியா? எந்தச் சுரங்கம், உள்ளே எவ்வளவு நேரம்? குழுவில் எத்தனை பேர்? எட்டுக்கு மேல் என்றால் வேண்டாம். நடுவில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் யார் வெளியே கூட்டி வருவார்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். இரண்டாவது வழிகாட்டி இல்லாத குழுவில் ஒருவருக்காக எல்லோரும் திரும்ப வேண்டியிருக்கும், அல்லது அவர் இருட்டில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒரு அலுவலகத்தில் இந்தக் கேள்விக்குச் சிரித்தார்கள். நாங்கள் அடுத்த கதவைத் தட்டினோம்.

தலைக்கவசம், விளக்கு, மேலுடை, பூட்ஸ் அவர்கள் தருவார்கள். விளக்கைப் போட்டுப் பார்த்து, பேட்டரியைக் கேட்டு வாங்குங்கள். தூசி வடிக்கும் நல்ல முகக்கவசம் ஆளுக்கு இரண்டு ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், துணி கட்டினால் சிலிக்கா நிற்காது. முழங்காலில் தவழ வேண்டியிருக்கும். உள்ளே சில இடங்களில் வியர்த்துக் கொட்டும் சூடு, வெளியே வந்ததும் குளிர் காற்று. அடியில் மெல்லிய பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எல் கல்வாரியோ பக்கம் உள்ள சுரங்கத் தொழிலாளர் சந்தைக்குக் கூட்டிப்போவார்கள், அன்பளிப்பு வாங்க. கோகா இலை, குளிர்பானம், கையுறை வாங்கலாம். கையுறைதான் அதிகம் உதவும் என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். வெடிமருந்தும் அங்கே கடையில் கிடைக்கும். வாங்காதீர்கள், கையில் பிடித்துப் படமெடுக்கவும் வேண்டாம். வெடித்துக் காட்டுகிறேன் என்பவரோடு போகவே வேண்டாம். ஏற்கெனவே பலவீனமான மலை அது.

உள்ளே மூன்று விதிகள். வழிகாட்டிக்கும் கடைசி ஆளுக்கும் நடுவிலேயே இருங்கள். சுவரையும் மேலே தொங்கும் குழாயையும் தொடாதீர்கள். சுவரில் பூத்திருக்கும் வண்ணப் படிவங்களில் ஆர்சனிக் இருக்கலாம். தலைவலி திடீரென்று ஏறினால் சொல்லிவிடுங்கள், அது உயரமா வாயுவா என்று நீங்களாக ஆராயாதீர்கள்.

ஒரு கிளையில் சுரங்கத் தொழிலாளர்கள் வணங்கும் ‘தியோ’ உட்கார்ந்திருப்பார். கொம்பு வைத்த களிமண் உருவம், வாயில் சிகரெட், மடியில் கோகா இலை, காலடியில் சாராயம். வெளியே மாதா, உள்ளே தியோ என்பது கணக்கு. வெள்ளிக் கிழமைகளில் படையல். கருப்பசாமிக்குச் சுருட்டு வைத்துப் பழகியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. எங்களோடு வந்த வேறு நாட்டுக்காரர் ஒருவர் அதன் தோளில் கை போட்டுப் படமெடுத்தார். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவரிடம் பேசவும் இல்லை.

11. சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

‘சின் கார்னே’ என்றால் நம் காதுக்கு ‘இறைச்சி இல்லாமல்’. அவர்களுக்கு அது மாட்டிறைச்சி இல்லாமல் என்பதோடு நின்றுவிடலாம், கோழி வந்துவிடும். ‘நோ கோமோ கார்னே, நி போல்யோ, நி கால்தோ தே கார்னே’ என்று முழுசாகச் சொல்லுங்கள்: இறைச்சியும் கோழியும் வேண்டாம், இறைச்சி வேகவைத்த தண்ணீரும் வேண்டாம். நிலக்கடலை சூப்பும் கினோவா சூப்பும் பார்க்கச் சைவமாகத்தான் இருக்கும், பெரும்பாலும் எலும்புச் சாற்றில் கொதித்தவை.

சுடு கல்லைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கப் பரிமாறும் ‘கலாபுர்க்கா’ என்ற மக்காச்சோளக் கூழ் இந்த ஊரின் அடையாளம். அசைவர்கள் விடக்கூடாது. காலையில் சந்தையில் ஊதா மக்காச்சோளத்தில் காய்ச்சிய ‘ஆப்பி’யும் பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த ‘பாஸ்தெல்’லும் எல்லோருக்கும் ஆகும். தக்காளியும் லொகோட்டோ மிளகாயும் அரைத்த காரத் துவையல் மேசையில் இருக்கும், நாக்கு செத்துப்போன நாட்களில் அதுதான் காப்பாற்றியது.

பெரிய சாப்பாட்டை மதியமே முடியுங்கள். இந்த உயரத்தில் செரிமானம் மந்தம், இரவு வயிறு நிறைந்தால் தூக்கம் போகும். சிறு மின் அடுப்பில் பருப்பு வேகவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், இங்கே தண்ணீர் 87 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, எங்கள் நண்பர் இரண்டு மணி நேரம் முயன்று பார்த்தார்.

12. கிளம்பும் காலை

சுரங்கத்துக்குப் போட்ட உள்சட்டை, காலுறை எல்லாவற்றையும் தனிப் பையில் கட்டி, மற்ற துணியோடு சேராமல் துவைக்கக் கொடுங்கள். தலையை இரண்டு முறை அலசினாலும் சாம்பல் தண்ணீர் வரும்.

பெட்டியை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். கோகா இலையும் தேநீர்ப் பையும் பொலிவியாவில் சட்டப்படி சரி, எல்லைக்கு அப்பால் பல நாடுகளில் போதைப்பொருள் வழக்கு. சட்டைப் பையில் நான்கு இலை கிடந்தாலும் சிக்கல்தான். எங்களில் ஒருவரின் கேமரா பையின் அடியில் ஒரு பிடி கிடந்தது.

உயுனி உப்புப் பாலைக்குப் போகிறவர்கள் டாக்ஸிக்காரரிடம் ‘எக்ஸ் தெர்மினால்’ என்று சொல்லுங்கள், வெறும் ‘தெர்மினால்’ என்றால் புது நிலையத்தில் இறக்கிவிடுவார். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைக் கைப்பையில் வையுங்கள். இந்தியாவில் இறங்கியதும் முதலில் கேட்பது அதைத்தான்.